இறக்கலும் ஏற்றலும்



இலக்கிய மன்றத்து மேடையில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்னும் வினா இந்நேரம் அவையில் எழுந்திருக்கும். தேருக்கும் களிற்றுக்கும் பரிக்கும் பாட்டில் இடம் கொடுத்த தமிழ், புல்லட்டுக்கு மட்டும் இடம் மறுக்க வேண்டியதில்லை. அதுவன்றி, அந்த வண்டி தமிழ்நாட்டிற்கு அயலானதும் அன்று. உடம்பையும் உயிரையும் பற்றி ஓயாது பாடிய பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூரில்தான் அதன் தொழிற்சாலை எழுந்தது. பழைய புல்லட்டின் உடம்பிலிருந்து ஒரு பொறியை இறக்கி, வேறொரு பொறியை வீட்டு முற்றத்திலேயே ஏற்றுவது எப்படி, ஏற்றியபின் அந்த வண்டி பழைய வண்டிதானா என்பதே இவ்வுரையின் பொருள். பின்னைய வினா ஏடுகளோடு பழகியவர்களுக்குப் புதிதன்று.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் ‘புல்லட்’ என்ற பெயரை 1932இல் முதலில் வழங்கியது. இன்று எவரும் கண்டவுடன் அறியும் வடிவம் 1949இல் விற்பனைக்கு வந்தது. 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. தொடக்கத்தில் உறுப்புகள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டப்பட்டன. 1962க்குள் எல்லா உறுப்புகளும் இங்கேயே வார்க்கப்பட்டுக் கடையப்பட்டன. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. தாய்வீட்டில் வழக்கொழிந்த ஒரு நூலின் படி அயலூர் ஏட்டில் பிழைத்துக் கிடப்பதுபோல, அந்த வண்டி திருவொற்றியூரில் மட்டும் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி வாழ்ந்தது. 1994இல் ஐச்சர் குழுமத்தின் கைக்கு மாறிய பின்னும் அந்த வார்ப்பிரும்புப் பொறி நெடுநாள் ஓடியது.

அப்பொறியின் அளவுகளை அவையோர் மனத்தில் கொள்ளுதல் நலம். சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். அகலத்தினும் உயரம் மிகுதி. ஆதலின் அது நீண்ட மூச்சு விடும் பொறி. நிமிடத்திற்கு 800 சுற்றில் நின்றபடி ஓடுகையில் 400 வெடிப்புகளே நிகழும். ஒவ்வொன்றையும் செவி தனித்தனியே எண்ண முற்படும். ‘தடதட’ என்னும் இரட்டைக்கிளவி அந்த வண்டிக்குப் பொருந்துவதுபோல வேறெந்த வண்டிக்கும் பொருந்தாது.

இத்தகைய பொறி ஏன் மாற்றப்படுகிறது? தந்தை ஓட்டிய 1960களின் வண்டியை மகன் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். மேட்டில் ஏறும்போது அடிவயிற்றிலிருந்து மந்தமான ‘டொக்கு’ ஒலி கேட்கத் தொடங்கும். கனெக்டிங் ராடின் பெருங்கண்ணில் மிதந்து சுழலும் புஷ் தேய்ந்துவிட்டது என்பது பொருள். அதைச் சீர்செய்யக் கிராங்கை அழுத்து எந்திரத்தில் பிரித்து, மீண்டும் அழுத்திச் சேர்த்து, நூலிழை கோணாது சுழல்கிறதா என்று அளவுமானி வைத்துப் பார்க்க வேண்டும். அது லேத்துப் பட்டறையின் வேலை. கைதேர்ந்தவர் அருகிவிட்ட வேலையும்கூட. வீட்டில் செய்யத்தக்கது வேறொரு நல்ல பொறியைத் தேடி ஏற்றுவதே. பழுதுபார்ப்பதைவிட மாற்றுவது எளிது என்னும் இந்த நிலையிலிருந்துதான் சிக்கல் எல்லாம் பிறக்கிறது.

பட்டறைத் தமிழில் இதற்கு ‘இன்ஜின் இறக்குவது’ என்று பெயர். தலைச்சுமையை இறக்குவோம், பாடையை இறக்குவோம். பொறியையும் அவ்வாறே இறக்குவர். உறுப்பு உறுப்பாகக் கழற்றுவதற்குப் ‘பிரிப்பது’ என்று பெயர். பதம் பிரித்தலை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அச்சொல்லைக் கேட்டு ஒரு கணம் நிற்பார். தவறான இடத்தில் பிரித்தால் பொருள் கெடும் என்பது இரண்டிற்கும் பொது.

முதலில் மின்கலத்தின் இணைப்பு விடுபடும். அடுத்துப் பெட்ரோல் தொட்டி இறங்கும். கார்புரேட்டர், சைலன்சர், கிளட்ச் கம்பி, டிகம்ப்ரசர் கம்பி, மின்கம்பிகள் என ஒவ்வொன்றாக விடுபடும். எண்ணெய் வடிக்கப்படும். இடப்புறத்தில் ஒரே ஒரு நட்டால் பற்றிக்கொண்டிருக்கும் மூடியைத் திறந்தால் முதற்சங்கிலியும் கிளட்சும் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒற்றை நட்டு, அளவாக முறுக்கினால் எண்ணெய் கசியும், மிகுதியாக முறுக்கினால் மூடி வளையும் என்று பெயர் வாங்கியது. எண்ணெய் சொட்டாத புல்லட்டில் எண்ணெயே இல்லை என்னும் பழைய கேலி அங்கிருந்தே வந்திருக்கலாம். கழன்ற நட்டும் போல்ட்டும் தீப்பெட்டியிலும் டிபன் பெட்டியிலும் தனித்தனியே இடப்பட்டு, இன்ன இடத்தது என்று துண்டுத்தாளில் எழுதப்பட வேண்டும். பழைய வண்டியில் ஆங்கிலேயர் காலத்துத் திருகு மரைகள் இருக்கும். மெட்ரிக் மரைகள் பின்னர் வந்தவை. ஒன்றின் துளையில் மற்றொன்று இரண்டு சுற்று இணங்குவதுபோலச் சென்று, மூன்றாம் சுற்றில் மரையை அறுத்துவிடும். எழுதி வைக்காதவர் இரவு முழுவதும் தரையில் உட்கார்ந்து எது எங்கே என்று தேடுவார்.

எடையைக் குறைக்கத் தலைப்பகுதியையும் சிலிண்டரையும் முன்னமே கழற்றிவிடுவோர் பலர். மிஞ்சிய பகுதியைத் தூக்குவதற்கும் இருவர் வேண்டும். ஒருவர் தூக்க முயல்வது இடுப்புக்குக் கேடு. இறங்கும் பொறியை வெறுந்தரையில் வைத்தலாகாது. படுக்க வைத்த பழைய கார் டயர் ஒன்று அதற்கு நல்ல பாய்.

பொறி வெளியே வந்தவுடன் தெரிவது ஒன்று உண்டு. இவ்வுரைக்கு அதுவே நடுநாயகம். பல வண்டிகளில் சட்டகம் என்பது பொறியைச் சுற்றிக் கீழும் மேலுமாக மூடிய தொட்டில்; பொறியை எடுத்தாலும் தொட்டில் தொட்டிலாகவே நிற்கும். பழைய புல்லட்டில் அப்படியன்று. கைப்பிடித் தலையிலிருந்து கீழிறங்கும் ஒற்றைக் குழாய், பொறியின் முன்பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அடியில் குழாயே இல்லை. முன்குழாயையும் பின்சட்டகத்தையும் இணைப்பது பொறியேதான். பொறியும் அதன் பின்னே பூட்டிய கியர்ப்பெட்டியும் இரும்புத் தகடுகள் வழியே சட்டகத்தை நிறைவு செய்கின்றன. பொறியை இறக்கினால் எஞ்சுவது நாண் அறுந்த வில். ஆகவேதான் தேர்ந்தவர்கள் இருகால் தாங்கியை மட்டும் நம்பாமல், முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து, சட்டகம் விரியாதபடி பார்த்துக்கொள்வர்.

மரபுக்கவிதை, புதுக்கவிதை என்று பல மன்றங்கள் பல்லாண்டுகள் வழக்காடியபோது இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட ஓர் உவமை இருந்தது: யாப்பு கலம், கருத்து அதில் ஊற்றும் நீர். பழைய கலத்தில் புதிய நீர் என்றார் ஒருவர். கலத்தையே உடை என்றார் மற்றவர். கலம் வேறு நீர் வேறு என்பதில் மட்டும் இருவர்க்கும் ஐயமில்லை. புல்லட்டின் சட்டகம் அந்த உவமையை மறுக்கிறது. அங்கே உள்ளே இருப்பதாகக் கருதப்படும் பொருளே வடிவத்தின் ஓர் உறுப்பு. தொல்காப்பியச் செய்யுளியலும் யாப்பை வெளியே நிற்கும் கூடாகக் கொள்ளாமல், மாத்திரை, அசை, சீர், அடி ஆகியவற்றோடு முப்பத்துநான்கு உறுப்புகளுள் ஒன்றாகவே வைத்திருப்பது கருதத்தக்கது. வேறு பொறியை ஏற்றினால் சட்டகமும் வேறாகிறது. விறைப்பு வேறு, அதிர்வு வேறு, திருப்பத்தில் சாயும் சாய்வு வேறு.

ஏற்றுதல் இறக்குதலினும் கடிது. புதிதாக வரும் பொறி பழையதன் இனத்ததாயின் தொல்லை குறைவு. எடுத்துக்காட்டாக 500 கன சென்டிமீட்டர் வார்ப்பிரும்புப் பொறியைச் சொல்லலாம். அதன் உள்விட்டம் 84 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓட்டமோ அதே 90. உயரம் மாறாமல் மார்பு மட்டும் விரிந்த உடன்பிறப்பு. சட்டகத்தில் பெரிய வெட்டு ஒட்டு இன்றி அது உட்காரும். ஆயினும் ‘உட்காரும்’ என்பதற்கும் ‘பொருந்தும்’ என்பதற்கும் இடையே தொலைவு உண்டு. எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாகச் செருகி, கடைசித் துளையும் கண்ணுக்கு நேர்வந்த பின்னரே ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். முன்னதை முறுக்கிவிட்டுப் பின்னதற்கு அரம் எடுப்பவர் உண்டு. துளையை அகலமாக்கினால் போல்ட்டு நுழையும். ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் சென்றபின் அந்த இடமே முதலில் ஆடும்.

தகட்டிற்கும் பொறியின் அலுமினியக் காதிற்கும் இடையே நூலிழை இடைவெளி இருந்தால் அதைப் போல்ட்டின் வலிமையால் இழுத்து மூடலாகாது. காது விண்டுவிடும். அந்த இடைவெளி அளவிற்கு ஒரு வாஷர் வைப்பதே முறை. ‘மற்று’ என்றும் ‘அம்ம’ என்றும் செய்யுளில் வரும் அசைச்சொற்களைப் பொருளற்றவை என்று மாணவர் எள்ளுவதுண்டு. அந்த வாஷருக்கும் தனியே வேலை இல்லை. எதையும் சுழற்றுவதில்லை, எரிப்பதில்லை. அதை எடுத்துவிட்டால் காது உடையும். அசைச்சொல்லுக்கு இதனினும் நல்ல விளக்கம் வகுப்பறையில் கிடைப்பது அரிது.

அடுத்தது முதற்சங்கிலியின் நேர்மை. கிராங்கின் பற்சக்கரமும் கிளட்சின் பற்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சற்றே விலகினாலும் சங்கிலி ஒரு பக்கமாகத் தேயும். டேப்பட்டைச் சூடாறிய பொறியில்தான் சரிபார்க்க வேண்டும். தள்ளுகோலை இரு விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. தீப்பொறி நேரமோ 350 பொறியில் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னதாகப் பாயிண்ட் திறக்கும்படி அமைய வேண்டும். இவ்வளவும் நூலில் உண்டு. நூலில் இல்லாததும் உண்டு: விரல் எவ்வளவு எளிதாக உருட்டினால் அது ‘எளிது’ என்பது. அதைக் கையாலேயே கற்பிக்க முடியும்.

உதைப்பதற்கு முன் எண்ணெய் மேலே செல்கிறதா என்று பார்த்துவிடுவது வழக்கம். தலைப்பகுதிக்கு ஏறும் குழாயின் திருகைச் சற்றே தளர்த்தி, கிக்கரைப் பலமுறை மெல்ல மிதித்தோ பொறியைச் சிறிது நேரம் ஓடவிட்டோ, எண்ணெய் கசிவதைக் கண்டபின் இறுக்குவர். முகப்பு விளக்கின் மேல் உள்ள அம்மீட்டரின் முள் நடுவே வந்து நிற்கும் வரை கிக்கரை மெல்ல அழுத்துவர். டிகம்ப்ரசரைப் பிடித்து உச்சியைச் சற்றே கடக்கச் செய்வர். பின் ஒரே உதை. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலைப் பதம் பார்க்கும்.

பொறி உயிர்த்தெழும் அந்த நொடியில்தான் வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரியபுராணத்தில் சாத்தனூர் மேய்ப்பன் மூலன் இறந்துபட, அவன் உடலில் புகுந்த சிவயோகியாரின் வரலாறு அவையோர் அறிந்ததே. ஆனிரைகள் அந்த உடலைக் கண்டு மகிழ்ந்து மேயத் தொடங்கிவிட்டன. மனைவிக்கு மட்டும் அவர் நிலை வேறாகப் பட்டது. உடல் தன் கணவனுடையதாயினும் உள்ளே இருப்பவர் வேறு என்பதை அவர் பேச்சும் ஒழுக்கமும் காட்டிவிட்டன. பொறி மாற்றிய வண்டிக்கும் இவ்விரு சாட்சிகள் உண்டு. தெருவார் பழைய தொட்டியையும் பழைய விளக்கையும் கண்டு, ‘பழைய புல்லட் மீண்டும் ஓடுகிறது’ என்று மகிழ்வர். நாற்பதாண்டு அதன் ஒலியைக் கேட்டு, கணவன் தெருமுனை திரும்புவதை அடுக்களையிலிருந்தே அறிந்த தாய் இருப்பாளாயின், அவள் செவி ஏமாறாது. 500 பொறியின் குரல் சற்றே கனத்தது. இடைவெளியும் சற்றே வேறு. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடக்கூடும். திருமூலரின் வரலாற்றில் ஆனிரைகளின் மகிழ்ச்சி மட்டும் போற்றத்தக்கதன்று. அந்த மனைவியின் அறிதலுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

இனம் மாறிய பொறிகளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். திருவொற்றியூரிலேயே ‘டாரஸ்’ என்னும் டீசல் புல்லட் சில காலம் செய்யப்பட்டது. 325 கன சென்டிமீட்டர், ஏறத்தாழ ஆறரைக் குதிரைத்திறன். எரிபொருள் மிச்சம் பெரிது, வேகம் சிறிது, அதிர்வு மிகப் பெரிது. குசராத்தின் சௌராட்டிரப் பகுதியில் புல்லட்டின் முன்பாதியோடு டீசல் பொறியையும் பின்னே இரு சக்கரத் தட்டையும் இணைத்துச் ‘சக்டா’ என்னும் வண்டியை ஆக்கினார்கள்; நிலக்கடலை மூட்டையும் மக்களும் அதில் ஏறினர். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் வாழும் அனிகேத் வர்தன், இரண்டு புல்லட் சிலிண்டர்களை ‘வி’ வடிவில் இணைத்து ‘மஸ்கட்’ என்னும் இரட்டைப் பொறியைத் தம் கையால் உருவாக்கினார். சக்டாவைப் பழைய புல்லட் என்று எவரும் சொல்வதில்லை, மஸ்கட்டையும் சொல்வதில்லை. அவை தமக்கெனப் பெயர் வைத்துக்கொண்டன. அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

உருவாக்கிய நிறுவனமே பொறியை மாற்றியதையும் மறத்தலாகாது. புகை விதிகள் இறுக இறுக வார்ப்பிரும்புப் பொறி விடைபெற்றது. 2008 முதல் கியர்ப்பெட்டியும் பொறியும் ஒரே உடலாக வார்த்த புதிய வகை வரத் தொடங்கியது. 2023இல் வெளிவந்த புல்லட்டில் பொறியும் வேறு, சட்டகமும் வேறு. 349 கன சென்டிமீட்டர் என்னும் நெருங்கிய அளவும் பழைய பெயரும் தொட்டியின் பொன்கோடுகளும் எஞ்சின. ஒரே உடலான அப்பொறிகளைப் பழைய சட்டகத்தில் ஏற்ற விரும்புவோர், பழைய தகடுகளைக் களைந்து, குழாயை வெட்டி, புதிய காதுகளைப் பற்றவைக்க வேண்டும். அதை வீட்டு முற்றத்து வேலை என்று சொல்வது தகாது. கைப்பிடித் தலையருகே வைத்த பற்றவைப்பு விட்டுப்போனால், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அது கவிதைப் பிழையாக இராது.

இனிச் சட்டம். வண்டியின் பதிவுச் சான்றில் சட்டக எண்ணும் பொறி எண்ணும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். காப்புறுதி ஆவணத்திலும் அவ்வாறே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சான்றில் உள்ள விவரம் மாறும்படியான மாற்றத்திற்குப் பதிவு அலுவலரின் முன் ஒப்புதலைக் கேட்கிறது. மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்துச் சான்றில் பதியவும் சொல்கிறது. 2021இல் வந்த விதிகள் முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தொன்மை வண்டி என்னும் தனிப் பதிவை வழங்கின. சட்டகத்திலோ உடற்கூட்டிலோ பொறியிலோ பெருமாற்றமின்றி மூல வடிவில் இருத்தல் வேண்டும் என்பது அதற்குரிய வரையறை. தந்தையின் வண்டியில் வேறு பொறியை ஏற்றிய மகன் அத்தகுதியைக் கோருவது கடினம். சாலையில் ஓடும் வண்டியா, காட்சிக்கு நிற்கும் வண்டியா என்று அவர் முன்னமே முடிவு செய்ய வேண்டும். தொல்காப்பியர் எட்டு வனப்புகளுள் தொன்மையையும் வைத்தார், விருந்தையும் வைத்தார். 2021இன் விதி இரண்டையும் ஒரே வண்டிக்குத் தருவதில்லை.

இவ்விடத்தில் சிலர் குறுக்கு வழி காண்பர். ஏற்றிய பொறியின் எண்ணைச் சுரண்டிவிட்டுப் பழைய எண்ணைக் குத்திக்கொள்வர். சட்டத்தின் கண்ணில் அது குற்றம். ஏட்டோடு பழகியவர் கண்ணில் அதற்கு வேறு பெயரும் உண்டு, அதுவே இடைச்செருகல். கம்பன் பெயரில் யாரோ பாடிச் சேர்த்த பாடல்கள் எல்லாம் தரம் குறைந்தவை அல்ல. சில மிக நல்லவை. அவற்றின் குற்றம் தரத்தில் இல்லை. கம்பனின் முத்திரையைத் தம்மேல் குத்திக்கொண்டதில் இருக்கிறது. பதிப்பாசிரியர்கள் அவற்றை எரித்துவிடவில்லை. மிகைப்பாடல் எனத் தனியே பிரித்து அச்சிட்டனர். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தம் பதிப்புகளில் பாடவேறுபாடுகளை மறைக்காமல் குறித்துக் காட்டியமையும் அந்த நேர்மையைச் சார்ந்ததே. சான்றில் புதிய எண்ணைப் பதிந்துகொண்டு, ‘சட்டகம் இன்ன ஆண்டினது, பொறி பிற்காலத்தது’ என்று கேட்பவரிடம் சொல்லும் வண்டிக்காரர் பதிப்பாசிரியரின் இனத்தவர். அவர் வண்டி விலையில் சற்றுக் குறையலாம்.

இறக்கி வைத்த பழைய பொறி என்னாயிற்று என்பது எஞ்சியிருக்கிறது. இரும்புக் கடைக்குப் போட்டால் எடைக்கு விலை கிடைக்கும். பலர் அவ்வாறே செய்துவிடுகின்றனர், பின்னர் வருந்துகின்றனர். ஏட்டிற்குக் கறையான்போல இதற்குத் துரு. வைத்திருக்க எண்ணுபவர் பிளக்குத் துளை வழியே எண்ணெய் ஊற்றி, காற்று புகும் வாய்களைத் துணியால் அடைத்து, கோணி போர்த்தி மாடிப்படியின் கீழ் வைப்பர். எண் குத்திய பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வைப்பதும் உண்டு; என்றேனும் கிராங்கைச் சரிசெய்யத் தெரிந்த கை ஒன்று அகப்படும் என்னும் நம்பிக்கைதான். மழைக்காலத்தில் மாதத்திற்கு ஒருமுறை அந்தக் கோணியை விலக்கி, உள்ளே பிஸ்டன் ஒட்டிக்கொள்ளாதிருக்கக் கிராங்கை அரைச்சுற்றுத் திருப்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.